செவிலியராக இருந்த ஒருவர் நாடாளுமன்ற அளவில் உயர முடியுமா?

முடியும். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் முதலில் சொல்லும் பெயர் எடி பெர்னிஸ் ஜான்சன். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பதிவுபெற்ற செவிலியர் அவர்.

டெக்சாஸின் வேக்கோ நகரில் பிறந்தவர். நிறவெறி கோலோச்சிய காலம். கறுப்பினப் பெண்ணான அவர் செவிலியம் படிக்க வெளிமாநிலமான இந்தியானாவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1955இல் படிப்பை முடித்தார். பிறகு டல்லாஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே தங்குவதற்கு ஒதுக்கிய அறையைக்கூட, அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார்கள். அதே மருத்துவமனையில்தான் அவர் மனநலப் பிரிவின் தலைமைச் செவிலியராக உயர்ந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் பெருமிதமும் சேர்ந்தே வருகின்றன.

1972இல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை, 1986இல் அதன் மேலவையான மாநில செனட், 1992 தேர்தலில் வென்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை. அங்கே முப்பது ஆண்டுகள்! 2019இல் அந்தச் சபையின் அறிவியல் குழுவுக்குத் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவரே. கணினி போன்ற மின்னணுக் கருவிகளுக்கான சிப்புகளின் உள்நாட்டு உற்பத்திக்கும் அறிவியல் ஆய்வுக்கும் வழிசெய்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள்: வார்டிலிருந்து அவர் நேரே தலைநகருக்குப் போய்விடவில்லை. இடையில் இருபது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் மத்திய அரசின் சுகாதார, கல்வி, நலத்துறையில் மண்டல இயக்குநராகவும் பணியாற்றி, நிர்வாகத்தை உள்ளிருந்தே கற்றுக்கொண்டார். அரசியலுக்கு வர நினைக்கும் செவிலியர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த இருபது ஆண்டுகளைத்தான்.