சதாம் உசேன் ஆட்சி 2003-இல் வீழ்ந்த பிறகு ஈராக்கில் பதவிகளை இனமும் மதப் பிரிவும் பார்த்துப் பங்கிட்டது சரியான முடிவா?

முதல் சில ஆண்டுகளுக்கு வேறு வழி இருந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் எதைப் பங்கு போட்டார்களோ, அதில் தவறிவிட்டார்கள்.

அதிபர் குர்து, பிரதமர் ஷியா, சபாநாயகர் சுன்னி என்ற ஏற்பாடு ஈராக் அரசியல் சட்டத்திலேயே இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். 2005 அக்டோபரில் மக்கள் வாக்களித்து ஏற்ற அந்தச் சட்டத்தில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. எல்லாம் வழக்கமாக வந்து ஒட்டிக்கொண்டது. தொடக்கம் 2003 ஜூலையில் அமெரிக்கர்கள் அமைத்த ஆட்சி மன்றம். மொத்தம் 25 பேர்: ஷியா 13, சுன்னி அரபு 5, குர்து 5, துருக்மேன் ஒருவர், அசீரியக் கிறிஸ்தவர் ஒருவர். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஹமீத் மஜீத் மூசாவைக்கூட ஷியா கணக்கில்தான் சேர்த்தார்கள். ஒருவரின் கொள்கை என்ன என்பதைவிட எந்த வீட்டில் பிறந்தார் என்பது அன்றைக்கே பெரிதாகிவிட்டது.

ஆனாலும் புது ஆட்சிப் பதவிகளை நிரப்பிய 2005 ஏப்ரலை என்னால் குறைத்துச் சொல்ல முடியாது. ஜனவரித் தேர்தலைச் சுன்னிகளில் பெரும்பாலானோர் புறக்கணித்திருந்தார்கள். 275 இடங்களில் ஷியா கூட்டணிக்கு 140, குர்து கூட்டணிக்கு 75. இந்த இரண்டு தரப்பும் மட்டுமே ஆட்சியை வைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியும் சபாநாயகர் பதவியும் ஒரு துணை அதிபர் பதவியும் சுன்னிகளுக்குப் போயின. ஹலப்ஜாவில் 1988-இல் சதாம் படையின் விஷவாயுவுக்குப் பலியான குர்து மக்களிலிருந்து வந்த ஜலால் தலபானி, அதே நாட்டின் அதிபரானார். அது வெறும் பதவிக் கணக்கு என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கெட்டது அமைச்சகங்களில். ஒவ்வொரு கட்சிக்கும் ஓர் அமைச்சகம் என்று ஆனதும், வேலை, ஒப்பந்தம் எல்லாம் அந்தந்தக் கட்சி ஆட்களுக்கே போனது. அமைச்சர் ஊழல் செய்தாலும் எளிதில் நீக்க முடியாது. நீக்கினால் கூட்டணி உடையும். எல்லோரும் ஆட்சியில் இருந்தால் தட்டிக் கேட்க எதிர்க்கட்சி எங்கே இருக்கும்? இந்தப் பேரத்தால்தான் 2010 மார்ச்சில் தேர்தல் நடந்தும் அமைச்சரவை அமைய டிசம்பர் ஆனது.

இதற்கு ஈராக்கியர்கள் சொல்லும் பெயர் 'முஹாசஸா', அதாவது பங்கு பிரித்தல். 2019 அக்டோபரில் அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஷியா இளைஞர்கள். பாக்தாத், நாசிரியா, பஸ்ரா என்று எங்கும் 'நுரீத் வதன்', எங்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்று கேட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தங்கள் பிரிவைச் சேர்ந்த பிரதமர் இருந்ததால் அவர்களுக்கு வேலையோ மின்சாரமோ வந்துவிடவில்லை. என் பார்வையை மாற்றியது அவர்கள்தான்.

அப்புறம் என்ன செய்திருக்கலாம்? அமைச்சகங்களைத் திறமைக்கு விட்டுவிட்டு, ஒவ்வொரு பிரிவின் உரிமைக்கான பாதுகாப்பை மட்டும் பங்கிட்டிருக்கலாம். அதற்கான வழி அந்த அரசியல் சட்டத்திலேயே இருந்தது. அதிபர், இரண்டு துணை அதிபர்கள் கொண்ட அவையில் ஒருவர் மறுத்தாலும் சட்ட மசோதா நாடாளுமன்றத்துக்குத் திரும்பிவிடும். அந்த ஏற்பாட்டை ஒரு பதவிக் காலத்துக்கு மட்டும் வைத்து, 2010-உடன் முடித்துவிட்டார்கள். மாகாணங்களின் பிரதிநிதிகளைக் கொண்ட மேலவை ஒன்றையும் 65-வது பிரிவு சொல்கிறது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த அவையை அமைக்கவே இல்லை.