மட் மக்கர் செய்யும்போது: வாசகர் கேள்வி – பதில்

டெர்மினலிலேயே அஞ்சல் படிக்க உதவும் 'மட்' என்ற நிரலைப் பற்றிப் போன இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறுவிப் பார்த்தவர்கள் கேள்விகளோடு திரும்பி வந்திருக்கிறார்கள். 'வேலை செய்யவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதியவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திரையின் அடிவரியில் என்ன செய்தி வந்தது என்று எழுதியவர்களுக்கே இங்கே இடம். வழக்கம்போலக் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிடுகிறோம். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: ஐயா, ஆங்கில மடல்கள் ஒழுங்காகத் தெரிகின்றன. தமிழ் மடலைத் திறந்தால் சாய்கோடு 340, சாய்கோடு 256 என்று எண்களாகக் கொட்டுகிறது. மடல் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கெடவில்லை. நீங்கள் அனுப்பிய எண்களைப் பார்த்ததும் எனக்கு நிம்மதிதான். யூனிகோடில் தமிழ் எழுத்து, கொம்பு, கால், புள்ளி என ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். முதல் பைட் எட்டடிமான எண்ணில் எப்போதும் 340, இரண்டாவது 256 அல்லது 257. ஆக உங்கள் திரையில் ஓடுவது சுத்தமான தமிழ். அதை எழுத்தாகக் காட்ட மட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அனுமதி தர வேண்டியது லொகேல், அதாவது எந்த மொழி, எந்தக் குறியாக்கம் என்று கணினிக்குச் சொல்லும் அமைப்பு. டெர்மினலில் 'லொகேல்' என்று தட்டுங்கள். 'லாங்' என்ற வரியில் வெறும் 'சி' என்றோ 'போசிக்ஸ்' என்றோ இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டோம். அது 'யூடிஎஃப்-8' என்று முடிய வேண்டும். தமிழ் லொகேல்தான் வேண்டும் என்பதில்லை. ஆங்கில லொகேலாக இருந்தாலும் கடைசியில் யூடிஎஃப்-8 இருந்தால் தமிழ் தெரியும். 'லொகேல் -ஏ' என்று தட்டினால் உங்கள் கணினியில் எவை இருக்கின்றன என்ற பட்டியல் வரும். அதில் இல்லாத ஒன்றை 'லாங்'குக்குக் கொடுத்தால், கணினி 'சி'க்கே திரும்பிவிடும். எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு கணினிக்குள் போய் மட்டை ஓட்டுபவர்கள் அந்தக் கணினியில் இதைச் சோதிக்க வேண்டும். ஒரே டெர்மினலைப் பல சன்னல்களாகப் பிரிக்கும் டீமக்ஸுக்குள் இருக்கிறீர்கள் என்றால் அதை '-யூ' சேர்த்துத் தொடங்கிப் பாருங்கள்.

இதற்கு ஒரு குறுக்கு வழி ஊரெல்லாம் சுற்றுகிறது: அமைப்புக் கோப்பான மட்ஆர்சியில் 'செட் சார்செட்=யூடிஎஃப்-8' என்று ஒரு வரி போடுவது. வேண்டாம். மட் அந்த மதிப்பை லொகேலிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். நீங்கள் கட்டாயப்படுத்தினால் மட் ஒன்றை நம்பும், அதற்கு அடியில் இருக்கும் சி நூலகம் வேறொன்றை நம்பும். எழுத்து ஒருவேளை தெரியலாம், ஆனால் வரிகள் தாறுமாறாக மடியும்.

லொகேல் சரியான பிறகும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். 'கொ' என்பது மூன்று துண்டாகச் சிதறலாம். அதற்கு மட்டைத் திட்டிப் பயனில்லை. சிக்கலான எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாத டெர்மினல்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. கான்சோல், எம்எல்டெர்ம் என்ற டெர்மினல்கள் இரண்டிலும் தமிழைப் படிக்க முடிகிறது. பட்டியலில் பத்திகள் கொஞ்சம் தள்ளி நின்றால் கண்ட்ரோல்-எல் அழுத்தித் திரையை மறுபடி வரைந்துகொள்ளுங்கள். இந்தப் பத்திகள் நூல் பிடித்தாற்போல் நிற்பதை நான் எதிர்பார்ப்பதை விட்டு நாளாயிற்று.

கேள்வி: யூனிகோட் வருவதற்கு முந்தைய மடல்களைப் பழைய வட்டிலிருந்து மீட்டெடுத்தேன். அவை திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதியவை. மட் அவற்றை ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகக் காட்டுகிறது. எழுத்துரு தேட வேண்டுமா?

பதில்: வேண்டாம், எழுத்துருவை விடுங்கள். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மட் எழுத்து மாற்றத்தை ஐகான்வ் என்ற நூலகத்திடம் விட்டுவிடுகிறது. பெரும்பாலான லினக்ஸ்களில் இருக்கும் ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் ஐகான்வுக்குத் திஸ்கி தெரியும்! 'ஐகான்வ் -எல்' பட்டியலில் 'டிஎஸ்சிஐஐ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். மஸ்ல் நூலகத்தைக் கொண்ட சிறிய லினக்ஸ்களில் அது இருக்காது.

இருந்தால் வேலை சுலபம். மடலைத் திறந்து கண்ட்ரோல்-ஈ அழுத்துங்கள். அடிவரியில் மடலின் உள்ளடக்க வகை திருத்தத்துக்கு வரும். 'சார்செட்' என்ற இடத்தில் இருப்பதை அழித்துவிட்டு 'டிஎஸ்சிஐஐ' என்று போட்டு என்டர் தட்டினால், குப்பை தமிழாகிவிடும். அந்தக் காலத்தில் அனுப்பிய நிரல்கள் 'ஐஎஸ்ஓ-8859-1' என்று பொய்ச் சீட்டு ஒட்டின, அல்லது 'எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்' என்று நழுவிக்கொண்டன. இரண்டாவது வகை மடல்களுக்கு நிரந்தரத் தீர்வு உண்டு: மட்ஆர்சியில் 'சார்செட்-ஹூக் எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட் டிஎஸ்சிஐஐ' என்று ஒரே வரி. முதல் வகைக்கு இதே உத்தியைப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சீட்டோடு நேர்மையாக வரும் பிரெஞ்சு, ஜெர்மன் மடல்களும் திஸ்கியாகிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ட்ரோல்-ஈ போட்டுப் படிப்பதுதான் வழி.

உங்கள் வட்டில் 'டாப்', 'டாம்' குறியீட்டு மடல்களும் இருந்தால் இந்த வித்தை பலிக்காது. ஐகான்வுக்கு அவை தெரியாது. தனி மாற்றி நிரல்தான் வேண்டும்.

கேள்வி: சார், ஜிமெயில் கடவுச்சொல் சரிதான். உலாவியில் உள்ளே போக முடிகிறது. மட் மட்டும் 'லாகின் ஃபெயில்ட்' என்கிறது.

பதில்: உலாவிக்குள் விடும் கடவுச்சொல்லை ஜிமெயில் இப்போது மட் போன்ற நிரல்களிடம் வாங்குவதில்லை. 2022 மே 30-லிருந்து தனிநபர் கணக்குகளுக்கு இப்படித்தான். கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்றை உருவாக்குங்கள். 16 எழுத்துகள், நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும். இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதுங்கள். அலுவலகக் கணக்காக இருந்து நிர்வாகி இதைத் தடுத்திருந்தால், கடவுச்சொல்லுக்குப் பதில் அனுமதிச் சீட்டு (டோக்கன்) காட்டும் 'ஓஆத்' முறைதான். மட்டோடு கூடவே 'மட்_ஓஆத்2' என்ற பைத்தான் நிரல் வருகிறது, அது டோக்கனை வாங்கிக் கொடுக்கும். முதல் முறை அமைப்பது எரிச்சலான வேலை. அப்புறம் அது பாட்டுக்கு ஓடும்.

வேறு சேவை வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து ஒன்று. கடவுச்சொல்லில் டாலர் குறியோ பேக்டிக் குறியோ இருந்து, அதை இரட்டை மேற்கோளுக்குள் எழுதியிருந்தால், மட் அதை மாறி என்றோ கட்டளை என்றோ நினைத்து விரித்துவிடும். மேற்கோளே இல்லாமல் எழுதி நடுவில் ஹேஷ் வந்தால், அதற்குப் பிறகுள்ள எல்லாமே குறிப்புரை என்று தள்ளிவிடவும் கூடும். ஒற்றை மேற்கோள் போடுங்கள். அதைவிட நல்லது, கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதாமலே இருப்பது. அதை ஜிபிஜி என்ற மறையாக்க நிரல் கொண்டு பூட்டிய தனிக் கோப்பில் வைத்து, மட்ஆர்சியில் 'சோர்ஸ்' என்று எழுதி, மேற்கோளுக்குள் 'ஜிபிஜி -டி', கோப்பின் பெயர், கடைசியில் ஒரு செங்குத்துக் கோடு. அந்தக் கோடு இருந்தால்தான் மட் அதைக் கட்டளையாக ஓட்டும்; இல்லாவிட்டால் அப்படி ஒரு கோப்பைத் தேடிவிட்டுக் கையை விரிக்கும்.

கேள்வி: படிக்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை. ஒரு சமயம் அப்படியே நிற்கிறது, ஒரு சமயம் 'ராங் வெர்ஷன் நம்பர்' என்கிறது.

பதில்: அனுப்பும் சர்வருக்கு நீங்கள் கொடுத்த முகவரியில் போர்ட் எண்ணும் முன்னொட்டும் சண்டை போடுகின்றன. 465-இல் இணைப்பு தொடங்கும்போதே மறையாக்கம் வேண்டும், அதற்கு 'எஸ்எம்டிபிஎஸ்'. 587-இல் முதலில் சாதாரணமாகப் பேசிவிட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ் வழியாக மறையாக்கத்துக்கு மாற வேண்டும். அதற்கு கடைசி எஸ் இல்லாத 'எஸ்எம்டிபி'. மாற்றிப் போட்டால் நீங்கள் சொன்ன இரண்டும்தான் நடக்கும்: 465-இல் எஸ் இல்லாமல் போனால் இரு பக்கமும் மற்றவர் பேசட்டும் என்று காத்துக்கொண்டிருக்கும், 587-இல் எஸ்ஸோடு போனால் வெர்ஷன் புகார்.

இதே வரிசையில் இன்னொருவர் 'நோ ஆத்தென்டிகேட்டர்ஸ் அவைலபிள்' என்ற செய்தியை அனுப்பியிருந்தார். டெபியன், உபுண்டு என்றால் 'லிப்சாஸ்ல்2-மாட்யூல்ஸ்' என்ற பொதியை நிறுவுங்கள். கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்; இந்தக் கட்டத்தில் மட் அதைச் சர்வரிடம் காட்டவே இல்லை.

கேள்வி: இன்பாக்ஸ் திறக்கும் ஒவ்வொரு முறையும் எல்லாத் தலைப்புகளையும் முதலிலிருந்து இறக்குகிறது. எழுந்து போய் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறேன்.

பதில்: இறக்கிய தலைப்புகளைச் சேமித்துவைக்கும் 'ஹெடர்_கேச்' அமைப்பை மட்ஆர்சியில் போடவில்லை என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்தக் கோப்புறையை நீங்களே உருவாக்கிவிடுங்கள். பாதை கோப்புறையாக இருந்தால் ஒவ்வொரு அஞ்சல் பெட்டிக்கும் தனித்தனிச் சேமிப்பு. இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ஒரே கோப்பை உருவாக்கி எல்லாவற்றையும் அதில் திணிக்கும். மடலின் உடலையும் சேமிக்க 'மெசேஜ்_கேச்டிர்'. அமைத்தும் பயனில்லை என்றால் 'மட் -வி' போட்டு, வரும் பட்டியலில் 'ஹெச்கேச்' என்று முடியும் சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று பாருங்கள். கழித்தல் என்றால் அந்த வசதி இல்லாமலே உங்கள் மட்டைத் தொகுத்திருக்கிறார்கள்.

பெட்டி மிகப் பெரியது, இணைப்பும் மெதுவானது என்றால் மட்டைச் சர்வரோடு நேரடியாகப் பேச வைக்காதீர்கள். 'எம்பிசிங்க்' மடல்களை உங்கள் வட்டுக்கு இறக்கிவைக்கும், மட் அந்த நகலைத் திறக்கும். நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். இணையம் இல்லாத நேரத்திலும் தேடலாம், பதில் எழுதிவைக்கலாம்.

கேள்வி: ஹெச்டிஎம்எல் மடல்கள் வெறும் குறியீடாகத் தெரிகின்றன. 'ஆட்டோ_வியூ' வரியும் போட்டுவிட்டேன்.

பதில்: அது பாதி வேலை. மீதி, எந்த வகை உள்ளடக்கத்தை எந்த நிரல் காட்ட வேண்டும் என்று சொல்லும் 'மெயில்கேப்' கோப்பில் இருக்கிறது. அங்கே 'டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல்' என்ற வகைக்கு எதிரே 'டபிள்யூ3எம்' என்ற டெர்மினல் உலாவி நிரலை '-டம்ப்' தெரிவோடு எழுதி, வரியின் கடைசியில் 'கோபியஸ்அவுட்புட்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். இந்தச் சொல் விடுபட்டால் ஆட்டோ_வியூ அந்த வரியைச் சீண்டாது. தமிழ் மடல் என்றால் '-ஐ' தெரிவுக்குப் பின்னால் விழுக்காட்டுக் குறியும் அடைப்புக்குள் 'சார்செட்' என்பதும் போடுங்கள். இல்லாவிட்டால் எந்தக் குறியாக்கம் என்று டபிள்யூ3எம் தானே ஊகிக்கும். அந்த ஊகம் சில நேரம் தப்பாகும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. இப்படிக் காட்டும்போது வெளியிலிருந்து படம் எதுவும் இறங்காது. நீங்கள் மடலைத் திறந்தீர்களா என்று உளவு பார்க்க விளம்பரக்காரர்கள் வைக்கும் ஒற்றைப் புள்ளிப் படமும் இறங்காது.

கேள்வி: அழித்த மடல்கள் மறுநாள் உயிரோடு வந்து நிற்கின்றன!

பதில்: 'டி' அழுத்தினால் அடையாளம்தான் விழுகிறது. டாலர் குறியை அழுத்தும்போதோ 'கியூ' போட்டு வெளியேறும்போதோதான் அழிப்பு நடக்கும். 'எக்ஸ்' போட்டு வெளியே வந்தாலும், டெர்மினல் சன்னலை அப்படியே மூடினாலும் எல்லாம் பழையபடி. ஜிமெயிலில் கூடுதலாக ஒன்று: இன்பாக்ஸில் அழித்தது வழக்கமான அமைப்பில் 'எல்லா அஞ்சலும்' பகுதியில் இருந்துகொண்டே இருக்கும். 'ட்ராஷ்' அமைப்பில் ஜிமெயிலின் குப்பைப் பெட்டியைக் கொடுத்தால் நிஜமாகவே போகும். அந்தப் பெட்டியின் பெயர் உங்கள் கணக்கின் மொழியைப் பொறுத்து மாறும். அதனால் யாருடைய மட்ஆர்சியிலிருந்தோ நகலெடுக்காமல், 'சி' அழுத்திக் கேள்விக்குறி போட்டு வரும் பட்டியலில் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: மட்டா, நியோமட்டா?

பதில்: உங்கள் லினக்ஸில் எது சுலபமாகக் கிடைக்கிறதோ அது. மட்டை மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் தொடங்கினார். எல்லா அஞ்சல் நிரல்களும் மோசம், இது மோசத்தில் கொஞ்சம் குறைச்சல் என்பது அவர் அப்போது சொன்னது; இன்றைக்கும் நிரலின் முகப்பு வாசகம் அதுதான். நியோமட் 2016-இல் கிளம்பியது. பக்கவாட்டுப் பட்டியல், நாட்மச் என்ற அஞ்சல் தேடல் கருவி என்று பலர் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருந்த வசதிகளை ஒரே இடத்தில் சேர்த்தார்கள். நாட்மச் தேவை என்றால் நியோமட். மற்றபடி பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே ஒத்துவரவில்லையா, ஆல்பைன் என்ற இன்னொரு டெர்மினல் அஞ்சல் நிரலைப் பாருங்கள். அதில் அமைப்புகளை மெனுவிலேயே மாற்றலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: இணையத்தில் கிடைத்த பெரிய மட்ஆர்சி ஒன்றை அப்படியே எடுத்துப் போட்டேன். எங்கேயோ இடிக்கிறது. எந்த வரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அதை ஓரமாக வைத்துவிட்டு 'மட் -என்', '-எஃப்' (பெரிய எஃப்), பிறகு வெற்றுக் கோப்பான '/டெவ்/நல்' என்று கொடுத்துத் தொடங்குங்கள். உங்கள் அமைப்பும் இல்லாமல், கணினியின் பொது அமைப்பும் இல்லாமல் மட் எழும். கோளாறு அப்போதும் இருந்தால் கோப்பின் மேல் பழியில்லை. போய்விட்டால் பாதிப் பாதியாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் அமைப்பின் மதிப்பு தெரிய வேண்டுமா? முக்காற்புள்ளி தட்டி 'செட்', இடைவெளி, கேள்விக்குறி, அமைப்பின் பெயர். நீங்கள் எழுதியதும் மட் எடுத்துக்கொண்டதும் வேறு வேறாக இருப்பது பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும். பின்னால் வரும் வரி முன்னால் உள்ளதை மாற்றிவிடும். இரவல் கோப்புகளில் ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருப்பது சகஜம்.

சர்வரோடு நடக்கும் பேச்சைப் பார்க்க 'மட் -டி 2'. வீட்டுக் கோப்புறையில் 'மட்டிபக்0' என்று புள்ளியில் தொடங்கும் கோப்பு உருவாகும். அதை எனக்கு அனுப்புபவர்கள், உங்களுடையதும் உங்களுக்கு எழுதுபவர்களுடையதுமான முகவரிகளை அழித்துவிட்டு அனுப்புங்கள். அளவைக் கூட்டி 5 என்று வைத்து எடுத்த கோப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கும்தான்.