சிறு படகும் பெரியவாய் பாஸும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வேலை நிமித்தமாக டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை கரையில் நின்றே பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடித்து வந்தேன். அண்மையில் 12 அடி நீளமுள்ள, ஜான் படகு எனப்படும் தட்டையடிப் பழைய அலுமினியப் படகு ஒன்றை 400 டாலருக்கு வாங்கியிருக்கிறேன். உயரமான மேடை, சுழல் நாற்காலி, மின்மோட்டார் எல்லாம் பொருத்த ஆசை. கையில் இன்னும் 800 டாலர்தான் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

பதில்: முதலில் படகின் உட்புறத்தில் பதித்திருக்கும் சிறு தகட்டைப் படியுங்கள். எத்தனை பேர் ஏறலாம், மொத்தம் எத்தனை பவுண்டு எடை தாங்கும், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வரை பொருத்தலாம் என்று அதில் எழுதியிருக்கும். இனி நீங்கள் வாங்கப்போகும் ஒவ்வொரு பொருளும், அறையப்போகும் ஒவ்வொரு பலகையும், அந்த எடைக் கணக்கிலிருந்துதான் கழிகிறது. இந்த அளவுப் படகில் பணத்தைவிட எடைக்குத்தான் தட்டுப்பாடு.

உங்கள் பட்டியலில் முதலில் இருக்கும் உயரமான மேடையை நான் கடைசிக்குத் தள்ளுவேன். முடிந்தால் நீக்கியே விடுவேன். ஜான் படகின் அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் அமைதியான நீரில் அது அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த உறுதி, எடை கீழே இருக்கும்வரைதான். அடிப்பகுதி 36 அங்குல அகலமே உள்ள படகில் ஓர் அடிக்கு மேல் மேடை எழுப்பி, அதன்மேல் நாற்காலி வைத்து, அதில் 80 கிலோ மனிதர் அமர்ந்தால் ஈர்ப்பு மையம் எங்கே போகும் என்பதை எண்ணிப் பாருங்கள். என் முதல் படகில் நான் இதைத்தான் செய்தேன். தூண்டிலில் மாட்டிய மீனைத் தூக்க நான் குனிந்த நேரத்தில், அதைப் பார்க்கும் ஆவலில் நண்பரும் அதே பக்கம் சாய, இருவரும் இடுப்பளவு நீரில் எழுந்து நின்றோம். நல்லவேளையாக அங்கே ஆழம் அவ்வளவுதான். மறுவாரமே மேடையைப் பிரித்து, படகின் தரையோடு தரையாக ஒரு பலகையை மட்டும் பதித்துக்கொண்டேன். நின்று வீசுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இடம் வேண்டும் என்பதற்காகக் குறுக்குப் பெஞ்சுகளை அறுத்தெடுப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பக்கச் சுவர்கள் விரியாமல் இழுத்துப் பிடிப்பவை அந்தப் பெஞ்சுகளே. படகில் நீர் நிறைந்தாலும் மூழ்காமல் மிதக்கவைக்கும் நுரைக்கட்டிகளும் பெரும்பாலும் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. தரைப்பலகைக்கு அரை அங்குல வெளிப்புறப் பயன்பாட்டு ஒட்டுப்பலகையை வாங்கி, விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் எபாக்சி அல்லது படகு வார்னிஷ் பூசிக்கொள்ளுங்கள். கறையானுக்கும் அழுகலுக்கும் எதிராக மருந்தேற்றிய பலகை நெடுநாள் உழைக்குமே என்று தோன்றும். ஆனால் அந்த மருந்தில் தாமிரம் இருப்பதால், ஈரம் பட்டபடி அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் உலோகத்தை அது மெல்ல மெல்ல அரித்துவிடும்.

பழைய படகு என்பதால் ஒழுகலையும் பார்த்துவிட வேண்டும். படகை நன்றாகத் தாங்கல் கொடுத்து நிறுத்தி, உள்ளே இரண்டு மூன்று அங்குலம் மட்டும் நீர் ஊற்றி, வெளியே சொட்டும் இடங்களைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். தளர்ந்த ரிவெட்டுகளை, ஒருபுறம் கனத்த இரும்புக் கட்டியை வைத்து, மறுபுறம் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடலாம். அதன்பிறகும் கசிந்தால் படகுக்கென்றே விற்கும் ஒட்டுப்பசையை உள்ளிருந்து பூசுங்கள். குளியலறைக்குப் பூசும் சிலிக்கோன் இதற்கு உதவாது.

மீதிப் பணம் மின்மோட்டாருக்கும் மின்கலத்துக்கும் போகட்டும். ட்ரோலிங் மோட்டார் எனப்படும் இந்த மின்மோட்டாரின் உந்துவிசையைப் பவுண்டில் சொல்வார்கள். மொத்த எடையில் 100 பவுண்டுக்கு 2 பவுண்டு உந்துவிசை என்பது மீனவர்கள் கையாளும் கணக்கு. படகு, இரண்டு பேர், மின்கலம், சாமான் எல்லாம் சேர்ந்து 600 பவுண்டு என்றால் 12 பவுண்டு போதும் என்று ஆகிறது. காற்றை எதிர்த்துச் செல்ல வேண்டியிருக்கும் என்பதால் 40 அல்லது 45 பவுண்டு உள்ளதை வாங்குங்கள். அதற்கு மேல் போவதால் வேகம் பெரிதாகக் கூடிவிடாது; எதை மாட்டினாலும் மணிக்கு நான்கைந்து மைலுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பின்பலகையில் மாட்டும் மோட்டார்தான் மலிவு. அதன் தலைப்பகுதியைத் தளர்த்தி 180 பாகை திருப்பி முடுக்கினால், படகின் அணியத்தில் பொருத்தி முன்னிருந்து இழுக்கவும் அதையே பயன்படுத்தலாம். காற்றில் படகை நேராகச் செலுத்துவதற்கு இதுவே எளிது.

மின்கலத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலம் ஏறக்குறைய 28 கிலோ கனக்கும். நெடுநாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதே கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் 12 கிலோ அளவில் இருக்கிறது. கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அதன் விலை இப்போது 200 முதல் 300 டாலருக்குள் இறங்கிவிட்டது. 16 கிலோ குறைவது பெரிய படகில் கண்ணுக்கே தெரியாது. உங்கள் படகிலோ ஒரு சிறுவனை இறக்கிவிட்டதற்குச் சமம். மின்கலத்தை நடுப் பெஞ்சருகே வைத்து, அங்கிருந்து 6 ஆம் எண் (6 AWG) தடிமனுள்ள கம்பியை மோட்டாருக்கு இழுங்கள். மின்கலத்தை ஒட்டியே, மோட்டார் கையேடு சொல்லும் அளவில், 50 ஆம்பியரோ 60 ஆம்பியரோ, ஒரு சர்க்யூட் பிரேக்கர் கட்டாயம் இருக்க வேண்டும்.

மீன் தேடும் கருவியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்தடி ஆழத்துக் கோரையோரத்தில் மீன் எங்கே இருக்கும் என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

கேள்வி: பாஸ் பிடிப்பவர்கள் எல்லாம் 80,000 டாலர் படகில் பறக்கிறார்களே, சிறு படகில் போய் உருப்படியான மீன் கிடைக்குமா?

பதில்: ஜார்ஜியா மாநிலத்து மான்ட்கோமரி ஏரியில் 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயக் குடும்பத்து இளைஞர் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேல், எடையுள்ள பெரியவாய் பாஸைப் பிடித்தார். அவர் அன்று சென்றது தாமே பலகை அறைந்து செய்த படகில் என்றும், உடன் வந்த நண்பருக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே தூண்டில்கோல்தான் இருந்தது என்றும் சொல்வார்கள். மீனை எடை போட்டுப் பதிந்துவிட்டு, வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்சுக்குச் சற்றுக் குறைவாகவே கூடுதலாக இருந்தது. பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்சாவது கூடுதல் வேண்டும் என்பது விதி என்பதால், அதை நிகரான சாதனையாகத்தான் பதிந்தார்கள்.

நீங்கள் சொல்லும் வேகப் படகுகள், ரே ஸ்காட் என்பவர் 1967 இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் நடத்திய பாஸ் பிடிப்புப் போட்டிக்குப் பிறகு வளர்ந்த போட்டி உலகத்துக்கு உரியவை. குறித்த நேரத்துக்குள் 20 மைல் ஓடி ஐந்து மீன் சேர்க்க வேண்டியவருக்கு அந்த வேகம் தேவை. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒதுக்குபவருக்கு, படகுக்கேற்ற நீர்நிலையைத் தேர்ந்தெடுத்தாலே போதும். ஆஸ்டின் நகர நடுவில் உள்ள லேடி பேர்ட் ஏரியில் பெட்ரோல் எஞ்சின்களுக்கு அனுமதியே இல்லை, மின்மோட்டாரும் துடுப்பும்தான். பெரிய படகுக்காரர் எழுப்பும் அலை இல்லாத அந்த நீரில், பாலத் தூண்களின் நிழலிலும் கரைமரங்களின் கீழும் நல்ல பாஸ் கிடைக்கிறது. மாறாக, டெக்சஸின் புகழ்பெற்ற லேக் ஃபோர்க் ஏரி 27,000 ஏக்கருக்கும் மேல் விரிந்தது. 18.18 பவுண்டு எடையுள்ள மாநிலச் சாதனை மீன் 1992 இல் அங்கேதான் கிடைத்தது என்றாலும், காற்று எழும் நாளில் 12 அடிப் படகை அதன் நடுவுக்குக் கொண்டுபோவதை நான் ஒப்பமாட்டேன்.

கேள்வி: பாஸ் என்பது நம் ஊர்க் கொடுவாதானே? (சென்னை வாசகி)

பதில்: அல்ல அம்மா. நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவாவை வணிகத்தில் 'சீ பாஸ்' என்று விற்பதால் வரும் குழப்பம் இது. பெரியவாய் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். சன்ஃபிஷ் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் பெயரில் மட்டுமே உறவு.

கேள்வி: தூண்டில் சாமான்களுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? எந்தப் பொய்யிரை நல்லது?

பதில்: நடுத்தர விறைப்புள்ள ஒரு கோலும் ரீலும் 60 முதல் 80 டாலருக்குள் கிடைக்கும். பொய்யிரைகளில் பிளாஸ்டிக் புழு ஒன்றே முதல் ஆண்டுக்குப் போதும். ஒஹையோவின் அக்ரன் நகரில் 1949 இல் நிக் க்ரீம் வார்த்தெடுத்த அந்தப் புழுவின் தொழிற்சாலை பின்னர் டெக்சஸின் டைலர் நகருக்கு இடம் மாறியது. தோட்டா வடிவ ஈயக்குண்டைக் கோத்து, கொக்கியின் முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துக் கட்டும் முறையை டெக்சஸ் கட்டு என்பார்கள். முனை வெளியே தெரியாததால் பாசியிலும் மூழ்கிய கிளையிலும் சிக்காது. சிக்கி அறுந்து போகும் இரைகள்தான் இந்தப் பொழுதுபோக்கின் மறைமுகச் செலவு. இரையைக் கவ்வியதும் நூல் பக்கவாட்டில் நகரும். அப்போது தளர்ச்சியைச் சுருட்டிக்கொண்டு ஒரே வெட்டாக இழுங்கள்.

கேள்வி: பத்து வயது மகனையும் அழைத்துச் செல்லலாமா? பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா?

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். டெக்சஸில் இந்த அளவுப் படகு ஓடிக்கொண்டிருக்கும்போது 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும். பெரியவர்களுக்கும் ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும். நீங்களும் அணிந்துகொண்டால் மகன் முரண்டு பிடிக்கமாட்டான். மின்மோட்டார் மட்டுமே பொருத்தியிருந்தாலும் படகை மாநிலத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு மீன்பிடி உரிமமும் வேண்டும்.

பெரியவாய் பாஸுக்கு மாநிலப் பொதுவிதி 14 அங்குலத்துக்குக் குறையாமல் நாளொன்றுக்கு ஐந்து மீன். சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. காடோ போன்ற சில ஏரிகளின் பாஸில் பாதரசம் இருப்பதால் அளவோடு உண்ணும்படி அறிவுரை இருக்கிறது. ஆகவே ஏரியின் பெயரைப் பட்டியலில் பார்த்துவிட்டே புளியைக் கரையுங்கள். குழம்புக்கு 15 அங்குல மீனே தோது. தோலை உரித்துவிட்டால் பாசி வாடை போய்விடும். நீர் 60 முதல் 70 பாகை ஃபாரன்ஹீட் வெப்பத்துக்கு வரும் வசந்த காலத்தில் ஆண் மீன் கூட்டைக் காத்து நிற்கும். அந்தக் கரையோர மீனைப் பிடித்தால், மகனிடம் ஒருமுறை காட்டிவிட்டு, பிடித்த இடத்திலேயே உடனே நீரில் விட்டுவிடுங்கள்.