நாராயணீயமும் சேர்ந்து சொல்லும் குரலும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் குடியிருப்பில் என் மாமியார் பதினைந்து பெண்களோடு சேர்ந்து ஏகாதசிதோறும் நாராயணீய பாராயணம் செய்கிறார். சில மாதங்களாக நானும் அவர்களோடு அமர்கிறேன். மனம் அடங்குவதை உணர்கிறேன். ஆனால் பொருள் தெரியாத சம்ஸ்கிருதத்தைப் பலரோடு சேர்ந்து உரக்கச் சொல்வது எப்படித் தியானமாகும்? தியானம் தனிமையிலும் மௌனத்திலும் அல்லவா கூடும்? இதையே தமிழில் செய்யலாகாதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

மனம் அடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அனுபவத்தை முதலில் நம்புங்கள். அது ஏன் நிகழ்கிறது என்பதை, குருவாயூரப்பனைத் துதிக்கும் நாராயணீயத்தின் முதல் அடியிலேயே காணலாம்.

'ஸாந்த்ராநந்தாவபோதாத்மகமநுபமிதம் காலதேசாவதிப்யாம்' என்ற அந்த அடி ஸ்ரக்தரா என்னும் சம்ஸ்கிருதச் செய்யுள் விருத்தத்தில் அமைந்தது. ஒற்று நீக்கி எண்ணினால் 21 எழுத்துகள். ஏழு ஏழாக மூன்று பகுதிகள். முதல் ஏழில் நீண்டொலிக்கும் அசைகளான குருக்கள் மிகுந்திருப்பதால் நடை கனத்து நிற்கும். நடு ஏழில் குறுகி ஒலிக்கும் அசைகளான லகுக்கள் ஆறு ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசி ஏழில் நடை மீண்டும் நிதானப்படும். தனியாக வாசிப்பவர் அந்த ஆறு லகுக்களில் தம்மை அறியாமலே ஓடிவிடுவார். பதினைந்து பேரோடு அமர்ந்திருப்பவர் ஓட முடியாது. பக்கத்துக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் தம் குரலை எழுப்ப வேண்டும். நாவும் செவியும் மூச்சும் ஒரே வேலையில் கட்டுண்டிருக்கும் அந்த நேரத்தில், மனம் தன் பழைய கவலைகளுக்குத் திரும்புவதற்கு இடம் மிகக் குறைவு. தசகத்துக்குத் தசகம், அதாவது ஏறத்தாழப் பத்துச் சுலோகங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் விருத்தம் மாறுவதால், ஒரு நடைக்குப் பழகிய நா அயர்ந்து இயந்திரம்போல ஆவதற்குள் அடுத்த நடை வந்து அதை எழுப்பிவிடுகிறது. கூட்டுப் பாராயணத்தைத் தியானம் என்று நான் தயக்கமின்றிச் சொல்வது இதனால்தான்.

இது சம்ஸ்கிருதத்துக்கு மட்டுமே உரிய ஆற்றல் என்று சிலர் சொல்வதுண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், 23 பேரை லத்தீன் ஜெபமாலையையும் 'ஓம் மணி பத்மே ஓம்' மந்திரத்தையும் சொல்லச் செய்தபோது, இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்ததைக் கண்டார்கள். ஆகவே தமிழில் தாராளமாகச் செய்யலாம். மார்கழி விடியலில் திருப்பாவை கோஷ்டியில் நின்றவர்கள் இதை நன்கு அறிவார்கள். பெருமாள் புறப்பாட்டில் முன்னே திவ்யப் பிரபந்த கோஷ்டியும் பின்னே வேத பாராயண கோஷ்டியும் செல்லும் ஊர்களில், இரண்டு மொழிகளுக்கும் இடையே போட்டி எதையும் நான் கண்டதில்லை.

தனிமையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் தாயார் மறைந்த ஆண்டு, ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த ஒருநாள் பாராயணத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். நடுவில் தொண்டை அடைத்து என் குரல் நின்றுவிட்டது. பாராயணம் நிற்கவில்லை; யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. நாலைந்து சுலோகங்கள் கழிந்தபின், அவர்கள் விட்டுவைத்த இடத்தில் ஏறிக்கொள்வதுபோல மீண்டும் சேர்ந்துகொண்டேன். நூறாவது தசகத்தில் 'அக்ரே பச்யாமி' என்று தொடங்கியபோது, காலையில் கேட்ட அதே ஸ்ரக்தரா திரும்பி வந்தது. வீட்டில் தனியாகக் கண்மூடி அமர்ந்திருந்தால், குரல் நின்ற இடத்திலேயே நானும் எழுந்து போயிருப்பேன்.

பொருள் தெரியாமல் சொல்வது வீணில்லை; ஆனால் அதோடு நின்றுவிடவும் கூடாது. வாதநோயால் வருந்திய மேல்பத்தூர் நாராயண பட்டதிரி, குருவாயூரப்பன் சந்நிதியில் 1586இல் நிறைவு செய்த நூல் இது. தசகங்களின் முடிவில், தம் நோயைத் தீர்க்கும்படி அவர் மீண்டும் மீண்டும் வேண்டுகிறார். ஒரு நோயாளியின் மன்றாட்டைத் தம் நாவில் ஏந்தியிருக்கிறோம் என்று அறிந்தவரின் குரல் தானாகவே தணியும். நூலின் கடைசிச் சொல்லான 'ஆயுராரோக்யஸௌக்யம்' என்பதை, எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறையில் எண்ணாக்கினால், நூல் நிறைவுற்ற கலி நாள், அதாவது கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள், 1712210 என்று கிடைக்கிறது. ஒரு வாழ்த்துக்குள் தேதியைப் பொதிந்துவைத்த அந்தக் கவியின் திறன், பொருள் தேடுபவருக்கே புலப்படும்.

மாமியாரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஏகாதசியும் தொடங்குமுன் ஒரே ஒரு தசகத்தின் தமிழ்ப் பொருளை யாராவது வாசிக்கட்டும். ஒலிபெருக்கி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். ஒருவர் குரல் மட்டும் பெருகி ஒலிக்கும் கூடத்தில் மற்றவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்க முடியாது.