மனை விற்ற பணம்: மொத்தமாகவா, மாதாமாதமா?

கேள்வி: மனை விற்ற வகையில் 12 லட்சம் ரூபாய் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. பத்து வருடத்துக்குத் தேவைப்படாது. ஈக்விட்டி ஃபண்டில் (பங்குகளில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட்) ஒரேயடியாகப் போடலாமா, மாதாமாதம் போடலாமா? மாதாமாதம் ஒரே தொகையைப் போடும் எஸ்.ஐ.பி.தான் பாதுகாப்பு என்கிறான் என் தம்பி.
- வாசகி, கும்பகோணம்

பதில்: மனை விற்ற லாபத்துக்கான வரியை முதலில் எடுத்து வையுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகையையும் ஒதுக்குங்கள். மிச்சத்துக்குத்தான் இந்தக் கேள்வி.

தம்பி சொல்வது பாதி சரி. என்.ஏ.வி. (ஃபண்டின் ஒரு யூனிட் விலை) 100, 80, 50, 80, 100 என்று இறங்கி ஏறினால், மாதம் 10,000 வீதம் ஐந்து மாதம் போட்டவருக்கு 650 யூனிட் கிடைக்கும், மதிப்பு 65,000. முதல் மாதமே 50,000 போட்டவரிடம் 500 யூனிட்தான். போட்ட பணம் அப்படியே நிற்கும். அதுவே 100, 110, 120, 130 என்று ஏறினால், 40,000-ஐ மொத்தமாகப் போட்டவரிடம் 52,000 இருக்கும். மாதாமாதம் போட்டவரிடம் சுமார் 45,650தான். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா சந்தைகளை வைத்து வான்கார்ட் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட ஆய்விலும், ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை மொத்த முதலீடே முந்தியது.

ஆனாலும் 2008-ஐ மறக்கக்கூடாது. அந்த ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட மும்பை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே போனது. 10 லட்சம் 4 லட்சமானால் பதறி விற்றுவிடுவேன் என்று தோன்றினால், பிரித்துப் போடுவதே உங்களுக்கு நல்லது. பணத்தை லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும், ஏற்ற இறக்கம் குறைந்த ஃபண்ட்) போட்டு, அதே ஃபண்ட் நிறுவனத்தின் ஈக்விட்டி ஃபண்டுக்கு எஸ்.டி.பி. (ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தவணை முறையில் மாற்றும் வசதி) மூலம் 6 முதல் 12 மாதங்களில் மாற்றுங்கள். மூன்று வருடம் இழுக்காதீர்கள். பெரும்பகுதி அதிகம் வளராமலே கிடக்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: பன்னிரண்டாவது மாதம் மொத்தப் பணமும் சந்தையில் இருக்கும். அதற்குப் பிறகு வரும் சரிவிலிருந்து எஸ்.டி.பி. காப்பாற்றாது. அதனால் எத்தனை மாதம் என்பதைவிட, எவ்வளவு ஈக்விட்டி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சரிவு தாங்காது என்றால் பாதியை மட்டும் அங்கே வைத்து, மீதியை வங்கியின் நிரந்தர வைப்பில் போடுங்கள்.

எஸ்.டி.பி.யில் ஒவ்வொரு மாற்றமும் லிக்விட் ஃபண்டை விற்பதாகவே கணக்காகும். அந்த லாபத்துக்கு உங்கள் வருமான வரி அடுக்குப்படி வரி உண்டு. பல ஈக்விட்டி ஃபண்டுகள் ஓராண்டுக்குள் எடுத்தால் 1% வெளியேறும் கட்டணம் பிடிக்கின்றன. அந்த ஓராண்டு ஒவ்வொரு தவணைக்கும் அது போட்ட தேதியிலிருந்து தனித்தனியாக ஓடும்.

கேள்வி: மாதம் 3,000 மிச்சமாகிறது. வருடம் முழுக்கச் சேர்த்து, சந்தை இறங்கும்போது மொத்தமாகப் போட்டால் என்ன?
- வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டாம். இறக்கம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சேர்த்த பணம் அதற்குள் வேறு செலவுக்குப் போய்விடும். சம்பளம் வந்த இரண்டு மூன்று நாளில் எஸ்.ஐ.பி. தேதி இருக்கட்டும். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கும். தொடர்ந்து மூன்று மாதத் தவணை தவறினால் எஸ்.ஐ.பி.யே ரத்தாகிவிடும். வங்கிக்குக் கொடுக்கும் மேண்டேட்டில் (கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் அனுமதி) உச்சவரம்பை 3,000 என்று போடாமல் 10,000 என்று போடுங்கள். எடுப்பது 3,000தான், பின்னால் தொகையைக் கூட்டும்போது புது மேண்டேட் தேவைப்படாது.