தாம்பரத்து வீடும் பாரிமுனை கோர்ட்டும்

அன்புள்ள ஐயா,

மேற்குத் தாம்பரத்தில் அப்பா கட்டிய வீட்டில் பாகம் கேட்டு, சென்னை சிட்டி சிவில் கோர்ட்டில் தாவா போட்டேன். எல்லைக்குள் வரவில்லை என்று, வழக்கு மனுவான பிராதைத் திருப்பிவிட்டார்கள். வீட்டு முகவரியில் சென்னை என்றுதானே இருக்கிறது? அண்ணன்கள் இருவரும் மாம்பலத்தில்தான் இருக்கிறார்கள். "மாநிலச் சட்டம் போட்ட வரம்பு" என்கிறார் வக்கீல். கோர்ட்டின் அதிகாரத்தைச் சட்டசபை முடிவு செய்யலாமா? என் கேஸ் போனது போனதுதானா?

ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

அன்புள்ள சகோதரிக்கு,

கேஸ் போகவில்லை. பிராதைத் திருப்புவது வேறு, தள்ளுபடி செய்வது வேறு. திருப்பிய பிராதை உரிய கோர்ட்டில் தாக்கல் செய்யலாம். வழக்கை நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் நடத்தியிருந்தால், வேறு கோர்ட்டில் கழிந்த நாட்களைக் காலவரையறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, வழக்குப் போடும் காலக்கெடுக் கணக்கிலிருந்து விலக்கிவிடும். ஆனால் இனித் தாமதிக்காதீர்கள்.

கடன் பாக்கிக்கான வழக்கு என்றால் அண்ணன்களின் இருப்பிடம் உதவியிருக்கும். வீட்டில் பாகம் கேட்டால் வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். தபால் முகவரி என்னவாக இருந்தாலும் தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். நகரத்துக்கு 1892ஆம் ஆண்டின் சிட்டி சிவில் கோர்ட் சட்டம். வெளியே 1873ஆம் ஆண்டின் சிவில் கோர்ட்டுகள் சட்டம். அங்கே முன்சீப், சப் கோர்ட், மாவட்ட கோர்ட் என்று படிகள். விசாரிக்க அதிகாரமுள்ளவற்றில் கீழ்ப்படியில்தான் தொடங்க வேண்டும்.

எந்தப் படி என்பதைத் தாவா மதிப்பு சொல்லும். பலர் தடுமாறுவது இங்கேதான். சொத்தின் அனுபவத்திலிருந்து, அதாவது அதைக் கையில் வைத்திருப்பதிலிருந்து, விலக்கப்பட்டவர் பாகம் கேட்டால், 1955ஆம் ஆண்டின் கோர்ட் கட்டணச் சட்டப்படி அவருடைய பாகத்தின் சந்தை விலையைத்தான் கணக்கில் எடுப்பார்கள், வீட்டின் முழு விலையை அல்ல. கூட்டு அனுபவத்தில் இருப்பவருக்கு விதி வேறு. நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று வக்கீலோடு உட்கார்ந்து பேசுங்கள்.

சட்டசபைக்கு அந்த அதிகாரம் உண்டு. அரசியலமைப்பே அதைக் கொடுத்திருக்கிறது. பம்பாய் சிட்டி சிவில் கோர்ட்டை மாகாணச் சட்டம் உருவாக்கியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1950லேயே சொல்லிவிட்டது. நீதிபதி தன் விருப்பப்படி வரம்பை விரிக்க முடியாது என்பது நமக்கும் பாதுகாப்புதான்.

என் கோபமெல்லாம் அந்த அதிகாரத்தைச் சட்டசபை அபூர்வமாகவே கையில் எடுக்கிறது என்பதில். சென்னை சிட்டி சிவில் கோர்ட்டின் தாவா மதிப்பு வரம்பு 25 லட்சம் ரூபாயாக இருந்து, 2018இல்தான் 1 கோடியானது. அதற்கு மேல் போனால் ஹைகோர்ட். மயிலாப்பூரில் இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்து ஃபிளாட்டே கோடியைத் தாண்டுகிறது. மனை விலை ஏறும்போது வரம்பையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதலாம். எந்தெந்த ஊர் எந்தக் கோர்ட்டுக்கு உட்பட்டது என்ற பட்டியலை ஒவ்வொரு கோர்ட் வாசலிலும் தமிழில் ஒட்டலாம். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம்.

திருப்பிய பிராதின்மேல் தாக்கல் செய்த தேதி, திருப்பிய தேதி, காரணம் மூன்றையும் நீதிபதி குறித்திருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கழிந்த நாட்களுக்கு உங்களுக்கு அதுதான் சாட்சி.