பி.காம். மாணவர்களுக்கு அலுவலக வேலை கற்பிப்பது: கேள்வி பதில்

1. முதலாண்டில் 60 பேர். வாரம் இரண்டு மணி நேரம்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?

தபாலிலிருந்து. ஆறு ஆறு பேராகப் பத்துக் குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 12 தாள் அடங்கிய கட்டு ஒன்று: இரண்டு பில், ஒரு புகார்க் கடிதம், ஒரு மாதிரிக் காசோலை, ‘இணைப்பு: 2’ என்று போட்டுவிட்டு ஒன்றே ஒன்று வைத்திருக்கும் கடிதம், ‘அந்தரங்கம்’ என்று மேலே எழுதிய உறை, வேறு ஆபீஸுக்குப் போக வேண்டிய ஒன்று, மிச்சம் சாதாரணக் கடிதங்கள்.

அந்தரங்க உறையைப் பிரிக்கவே கூடாது. பெயருக்குரியவரிடம் அப்படியே போக வேண்டும். மற்றதைப் பிரித்ததும் தேதி முத்திரை, வரிசை எண், இணைப்புச் சரிபார்ப்பு. குறைந்தால் கடிதத்தின் மேலேயே ‘இணைப்பு 1 வரவில்லை’ என்று எழுதி ஒப்பம். காசோலை வந்தால் அது முதலில் காசோலைப் பதிவேட்டில் ஏற வேண்டும், பிறகுதான் கடிதம் பிரிவுக்குப் போகும். கோடு போடாத காசோலை என்றால் பணம் வங்கிக் கணக்கு வழியாக மட்டும் போகும்படி வாங்கியவரே குறுக்குக் கோடு போட்டுவிடலாம், சட்டம் அனுமதிக்கிறது.

பிள்ளைகள் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. வந்த தேதியை எழுதுவார்கள், கடிதத்திலும் காசோலையிலும் உள்ள தேதியை விட்டுவிடுவார்கள். காசோலை அதில் போட்டிருக்கும் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும் (2012 ஏப்ரல் 1 முதல், அதற்கு முன் ஆறு மாதம்). வந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் வங்கியில் திருப்பிவிடுவார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பதிவேடுகளைக் குழு மாற்றிக் கொடுங்கள். “அந்தக் காசோலை இப்போது யாரிடம்?” என்று கேட்டு மூன்று நிமிடம் கொடுங்கள். எழுதியவரைக் கேட்காமல் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பதிவேடு தேறவில்லை.

எழுதியது தப்பானால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியானது, சுருக்கொப்பம். ஒயிட்னரை வகுப்புக்குள்ளேயே விடாதீர்கள்.

2. சில்லறை ரொக்கப் புத்தகத்தில் மாணவர்கள் எப்போதும் குழம்புகிறார்கள்.

முன்பணம் 2,000 ரூபாய். செலவு 1,640. பெட்டியை மறுபடி 2,000 ஆக்க இப்போது எவ்வளவு தர வேண்டும்? பாதி வகுப்பு 2,000 என்று சொல்லும். 1,640தான், கையில் 360 இருக்கிறதே. எந்த நிமிஷம் பெட்டியைத் திறந்தாலும் கையிருப்பும் வவுச்சர்களும் (செலவுச் சீட்டுகள்) சேர்ந்து 2,000 வர வேண்டும். நடுவில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் எண்ணுங்கள். வவுச்சரிலும் ஒயிட்னர் கூடாது.

3. டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) மட்டும் கற்றால் போதுமா?

போதாது. பில்லில் இருப்பது புரியாதவருக்கு டேலியில் எதை ஏற்றுவது என்றும் தெரியாது.

4. பில் எண் எப்படிக் கொடுக்கச் சொல்வது?

ஜிஎஸ்டி பில்லுக்கு வரம்பு 16 குறி, கோடுகளும் சேர்த்து. ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் மறுபடி வரக்கூடாது. மூன்றெழுத்து நிறுவனக் குறி, சாய்கோடு, ‘2025-26’, சாய்கோடு, ஐந்திலக்கம் என்று போட்டால் 17, தாண்டிவிடும். ‘25-26’ என்று சுருக்கினால் 15. சரக்கு விற்றால் மூன்று பிரதி (வாங்குபவர், வண்டிக்காரர், விற்பவர்), சேவைக்கு இரண்டு.

5. தமிழ்க் கடிதம் அடிக்க எந்த விசைப்பலகையைச் சொல்லித்தருவது?

தமிழ்99.

6. (மேலுள்ளதற்கு) ஏன் சார்? எல்லோரும் போனில் ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தமிழ் எடுக்கிறார்கள். புதிதாக ஒன்றை எதற்குத் திணிக்க வேண்டும்?

புதிதா? 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்தது. ‘வந்தான்’ அடித்துப் பாருங்கள். ஆங்கில வழியில் எட்டுத் தட்டு. தமிழ்99-இல் வ, ந, த, ஆ, ன, புள்ளி: ஆறு. ‘ந’வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம் பிழை. விடுதி வார்டன் ‘அறை வாடகை’ என்று அடிக்க நினைக்கிறார். போன் முதலில் நீட்டுவது ‘அரை வாடகை’. கவனிக்காமல் விட்டால் பாதி வாடகை கட்டினால் போதும் என்று கடிதம் போய்விடும். தமிழ்99-இல் ர, ற இரண்டும் வேறு வேறு விசை. விரல் தேர்ந்துதான் அடிக்கும்.

7. நான் பழைய தமிழ் டைப்ரைட்டரில் பழகியவன். என்னையும் மாறச் சொல்வீர்களா?

மாட்டேன். உங்கள் விரல்களுக்குத் தெரிந்த அமைப்பிலேயே யூனிகோடு அடிக்க மென்பொருள் இருக்கிறது. தட்டச்சுத் தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளும் அந்த அமைப்பிலேயே இருக்கட்டும். சண்டை புதிதாகக் கற்பவர்களைப் பற்றி மட்டும்தான்.

8. ஆறாம் கேள்வி கேட்டவன்தான். போனில் முன்கணிப்பு திருத்திவிடுமே?

‘அரை’யும் நல்ல தமிழ்ச் சொல்தான். அதை எதற்குத் திருத்தும்?

9. டேலியா, எக்செலா, எதை முதலில்?

மூன்றாம் கேள்வியைப் பாருங்கள். எக்செல் எடுத்தால் முதல் நாளே இதைக் காட்டுங்கள்: 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், 15 இலக்கம்தான் அது தாங்கும். முன்னால் நிற்கும் பூஜ்யமும் காணாமல் போகும். எண்ணைத் தட்டும் முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக்க வேண்டும். பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

10. பதிவுத் தபால் பாடம் புத்தகத்தில் இருக்கிறது. நடத்தலாமா?

2025-இல் அது விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. அப்படிச் சொல்லி நடத்துங்கள்.

11. குரூப் 4-க்கு எந்த கைடு நல்லது?

அது என் பாடமில்லை.

12. கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் யார் என்ன பேசினார்கள் என்று எழுத வேண்டுமா என்று மேடம் கேட்கிறார்.

வேண்டாம். எடுத்த முடிவு, முன்மொழிந்தவர், மாறுபட்டவர் இருந்தால் அவர் பெயர். கம்பெனி என்றால் கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் குறிப்புப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஒயிட்னர் பற்றி மறுபடி சொல்ல வைக்காதீர்கள்.

13. டேலி கோர்ஸ் எத்தனை மாதம்?

3.

மாதம் இல்லை, மூன்றாம் கேள்வி.

14. ஆறாம் கேள்விக்காரன்தான் மறுபடியும். தமிழ்99 போட்டுப் பார்த்தேன். ‘மமதை’ அடித்தால் ‘ம்மதை’ வருகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி விழும், அதுதான் அதன் விதி. புள்ளி வேண்டாம் என்றால் நடுவில் அ-வைத் தட்டுங்கள்: ம, அ, ம, த, ஐ.